கடற்கரை இல்லாத ஊரில் ஒரு கப்பல் ஆசை

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. அதே நாளில் காஞ்சிபுரம் மாவட்டம் தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், பாலாறு கடலில் சேரும் வயலூர்ப் பக்கம் எல்லாம் புதிய எல்லைக் கோட்டுக்கு அப்பால் போயின. காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்று மிஞ்சிய ஐந்து வட்டங்களில் ஒன்றிலும் அலை அடிப்பதில்லை. நிர்வாக வசதிக்குப் போட்ட கோடுதான். அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் அத்திவரதரைப் பார்க்க வந்த கூட்டத்தில் திணறிப்போயிருந்த ஊர், இதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. காஞ்சியையும் கடலையும் ஒன்றாகவே நினைத்து வளர்ந்தவர்களில் நான் ஒருவன்.

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் யுவான் சுவாங்கைப் பற்றித்தான் பேசுவேன். 640ஆம் ஆண்டு வாக்கில் அந்தச் சீனத் துறவி காஞ்சிக்கு வந்தார். இங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போவது அவர் எண்ணம். அந்தச் சமயம் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய பிக்குகள், அங்கே அரசன் இறந்துவிட்டான், பஞ்சமும் கலகமுமாக இருக்கிறது என்று சொல்லவே பயணத்தைக் கைவிட்டார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய சீடர், காஞ்சியை இலங்கைக்குப் போகும் துறைமுகமென்றே குறிக்கிறார். கடலில் மூன்று நாள் வழி என்றும் கணக்குச் சொல்கிறார். மாமல்லபுரம் இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். வெளிநாட்டவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஊராகத்தான் தெரிந்திருக்கின்றன: அரசன் இருப்பது உள்ளே, கப்பல் நிற்பது வெளியே.

அதற்கும் முந்தைய செய்தி ஒன்று உண்டு. சீனத்து ஹான் பேரரசின் வரலாற்று நூலில் ஹுவாங்சி என்று ஒரு தென்கடல் நாடு வருகிறது. சீனத் தூதர்கள் பொன்னும் பட்டும் ஏற்றிக்கொண்டு கப்பல் மாறி மாறி அங்கே போய், முத்தும் கண்ணாடிப் பொருளும் வாங்கிவந்தார்களாம். அந்த ஹுவாங்சி காஞ்சிதான் என்பது பல அறிஞர்களின் கருத்து, மறுப்பவர்களும் இருக்கிறார்கள். காஞ்சிதான் என்றால், இந்த ஊருக்குப் பட்டு முதன்முதலில் கப்பலில் வந்திருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்தவனுக்கு இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அவனுடைய குடியே திரையோடு வந்தது என்று உரைகாரர் காலத்திலிருந்து ஒரு கதை வழங்குகிறது: சோழனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த குழந்தை, தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டி அலையில் விடப்பட்டுக் கரை சேர்ந்ததாம். அந்த நூலில் வரும் நீர்ப்பெயற்றுத் துறையில் குதிரைகளோடு கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் இரவெல்லாம் தீ எரிந்து கப்பல்களைக் கூப்பிடுகிறது. அந்தத் துறை எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே வசவசமுத்திரத்தில் தோண்டியபோது உறைகிணறுகளும், ரோமாபுரி மதுச்சாடிகளான ஆம்போராவின் ஓடுகளும் கிடைத்தன. அந்த இடமாக இருக்கலாம் என்று சிலரும், மாமல்லபுரம் என்று சிலரும் சொல்கிறார்கள். எதுவானாலும் காஞ்சியின் துறைதான்.

மணிமேகலை காவியத்தில் இன்னொன்று. மணிமேகலை கடைசியில் வந்து சேர்வது காஞ்சிக்கு. இங்கே அரசன் அவளுக்காக, அவள் போய்வந்த மணிபல்லவத் தீவில் இருந்ததைப் போலவே ஒரு பொய்கையும் சோலையும் அமைத்து வைத்திருக்கிறான். கடலுக்கு நடுவே இருக்கும் ஒரு தீவை உள்ளூரில் உருவாக்கிப் பார்த்த ஊர் இது. சிறுவயதில் கோயில் குளத்தில் தெப்பம் மிதப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சாமியைவிட அந்த மிதவைதான் கண்ணில் நின்றது. பீப்பாய்களின் மேல் பலகை போட்டு, விளக்கு கட்டி, கயிற்றால் இழுத்துச் சுற்றிவரச் செய்யும்போது, மூன்றாவது சுற்றில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடாதா என்று ஏங்கியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னால் அடி விழும் என்பதால் சொன்னதில்லை.

பல்லவர் காலக் கப்பல்களின் கதை பெரியது. இங்கே விரிக்க இடமில்லை. இலங்கை இளவரசன் மானவர்மனுக்காக முதலாம் நரசிம்மவர்மன் இருமுறை கடற்படை அனுப்பியதை மகாவம்சம் சொல்கிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்து வணிகரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். காஞ்சியில் இருந்த அரசனின் பெயரில் வங்கக் கடலுக்கு அந்தக் கரையில் ஒரு குளம்! கைலாசநாதர் கோயிலுக்கு வெளியூர் நண்பர்களை அழைத்துப் போனால், சிற்பங்களைப் பார்த்து முடித்ததும் இந்தக் குளத்தைத்தான் சொல்வேன்.

பிற்காலத்தில் கடல் நமக்கு ஆகாததாகிவிட்டது. கடல் கடந்தால் தீட்டு என்ற கட்டுப்பாடு கோயில் ஊர்களில் கூடுதலாகவே இருந்தது. கணித மேதை ராமானுஜன் சிறுபிள்ளையாக இருந்தபோது சில காலம் காஞ்சியில் வளர்ந்தவர்; அவருடைய தாய்வழித் தாத்தாவுக்கு இங்கே நீதிமன்றத்தில் வேலை. அந்தக் கட்டுப்பாட்டோடு போராடித்தான் 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். முதல் சில நாள் கடல்நோய் வாட்டியது. ஏப்ரல் 14இல் லண்டன் சேர்ந்தார். கட்டுப்பாடெல்லாம் வசதியும் சாத்திரமும் உள்ள வீடுகளுக்குத்தான். வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்கள் யாரையும் கேட்டுக்கொண்டு போகவில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். எனக்குத் தெரிந்த கப்பல் காலம் அங்கேதான் தொடங்குகிறது.

என் பெரியப்பா பட்டுப்புடவை வியாபாரி. தறியில் உட்கார்ந்தவர்தான், ஆனால் விற்கப் போவதில்தான் அவருக்கு இஷ்டம். தகரப் பெட்டியில் புடவைகளை வெள்ளை மல்துணியில் சுற்றி, இடையிடையே வசம்பு வைத்து அடுக்குவார். மூடியின் விளிம்பில் மெழுகுத்துணி வைத்து இறுக்குவார். “கடல்காத்து பட்டா ஜரிகை கறுத்துடும்டா. வெள்ளி இருக்குல்ல உள்ள, அது உப்பைத் தாங்காது” என்பார். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டில் பேரும் ஊரும் எழுதியிருக்கும். காஞ்சிபுரம் என்ற எழுத்துக்குக் கீழே, எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தில், பினாங்கு. செங்கல்பட்டுக்கு ரயில், அங்கிருந்து சென்னை, துறைமுகத்தில் ராஜுலா.

ராஜுலா 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்தது. மேலே கொஞ்சம் பேருக்கு மட்டும் அறைகள். மற்ற எல்லோரும் டெக் பாசஞ்சர்கள். தொடக்க காலத்தில் அப்படி ஐயாயிரத்துக்கும் அதிகமானோரை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. உலகப் போரில் படைவீரர்களைச் சுமந்து, தப்பித்துத் திரும்பிவந்து, மறுபடி நம் ஆட்களைச் சுமந்தது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பேர் மாற்றியது; அடுத்த ஆண்டே உடைக்கப் போய்விட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றைக்கும் வயதானவர்களிடம் ராஜுலா என்று சொன்னால் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

டெக் பயணம் சுகமானது என்று நான் சொல்ல மாட்டேன். பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்: ஜமுக்காளம் விரித்த அளவுதான் உன் இடம்; தலைமாட்டில் பெட்டி, கால்மாட்டில் அடுத்த குடும்பத்துக் குழந்தை. கீழ்த்தளத்தில் எண்ணெய் நாற்றமும் வாந்தி நாற்றமும் கலந்து வரும். எலுமிச்சம்பழமும் ஊறுகாயும் மடியிலேயே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் முதல் வகுப்புக்காரர்கள் நேராக இறங்கிப் போவார்கள். டெக் ஆட்களை நோய்த்தொற்றுச் சோதனைக்காகத் தீவில் இறக்கிவிடுவதும் உண்டு. சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு, பினாங்குக்கு ஜெரஜாக் தீவு. அந்த அவமானத்தை பெரியப்பா மறந்ததில்லை.

ஆனாலும் அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போடும். படகில் ஆட்கள் வந்து ஏணியில் ஏறுவார்கள். தஞ்சாவூர்க்காரர், ராமநாதபுரத்துக்காரர், காரைக்கால் மரைக்காயர் எல்லோரும் அந்த ஒரு மாலையில் கலந்துவிடுவார்கள். அதன்பிறகு நாலைந்து நாள் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. அந்த நாட்களில்தான் மாப்பிள்ளை பார்த்தார்கள், கடன் பேசினார்கள், சண்டை போட்டுச் சமாதானமானார்கள். பெரியப்பா தன் புடவைகளில் பாதியைக் கப்பலிலேயே விற்றிருக்கிறார். ஒரு குடும்பம் பினாங்கில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோர்வைப் புடவையை, கப்பலின் விளக்கு வெளிச்சத்தில் மூன்று ராத்திரி பிரித்துப் பார்த்து, மூன்றாவது ராத்திரி வாங்கியதாம். “கடையில யாரு மூணு நாள் பாக்க விடுவான்?” என்று சிரிப்பார்.

அந்தக் கப்பலை நேசிப்பதில் ஒரு நெருடல் உண்டு. அது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டபோது, கட்டணத்தைச் சரித்து அவரை அழிக்கப் பார்த்தது இதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான். 1908இல் அவர் சிறைக்குப் போனார்; 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தைப் பார்த்து அழுத அதே பையன், ராஜுலாவின் படத்தை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைத்திருந்தேன். இரண்டையும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. அந்தக் கம்பெனி யாருடையதானாலும், அதன் தளத்தில் வாழ்ந்தவர்கள் நம்மவர்கள்.

ராஜுலாவுக்குப் பின் சிதம்பரம் வந்தது. பிரான்சிலிருந்து வாங்கிய கப்பல். முன்பு அதற்குப் பேர் பாஸ்டர். 1973 முதல் அதே வழித்தடத்தில் ஓடியது. நான் கடல் தாண்டியது அதில்தான். பெரியப்பாவுக்கு அப்போது வயதாகிவிட்டது. பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். சென்னைத் துறைமுகச் சுவரைத் தாண்டியதும் கப்பலின் உடம்பு மெல்ல மூச்சு விடுவது காலுக்கடியில் தெரிந்தது. கரை விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்த அசைவு எனக்குப் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் படுத்துவிட்ட இரவில் நான் மட்டும் மேல்தளத்திலேயே கிடந்தேன். நடுக்கடலில் இருட்டு எவ்வளவு அடர்த்தி என்பதும், அதில் நட்சத்திரம் எவ்வளவு தாழ்வு என்பதும் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பினாங்கில் இறங்கி மார்க்கெட் தெருவில் இட்லி சாப்பிட்டபோது தரை ஆடியது.

1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த சிதம்பரத்தில் நடுக்கடலில் தீப்பிடித்தது. நாற்பது பேரளவில் இறந்தார்கள். அந்தக் கப்பல் மறுபடி அந்த வழியில் போகவில்லை. வேறு கப்பலும் வரவில்லை. தீ ஒரு காரணம்தான். 1950களிலேயே மலாயாவின் குடிவரவுச் சட்டங்கள் தொழிலாளர் வரவை நிறுத்திவிட்டிருந்தன. எழுபதுகளில் பெரிய விமானங்கள் வந்து ஒரு வாரப் பயணத்தை நான்கு மணி நேரமாக்கின. கணக்குத் தெரிந்த எவரும் கப்பலைத்தான் மூடியிருப்பார்கள். இலங்கைப் பக்கமும் இதே கதை. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலில் கொழும்பு; எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். காஞ்சிக்காரர்கள் செங்கல்பட்டில் ஏறிக்கொள்வார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போனது. ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் இலங்கையின் போரோடு நின்றது.

ஆக, ஒரே தலைமுறைக்குள் சாதாரண மனிதனின் கடல்வழி மூடப்பட்டுவிட்டது. என் பெரியப்பா மாதிரி ஒருவர் இன்று காஞ்சியில் இருந்தால், அவர் வாழ்நாளில் கப்பலுக்குள் கால் வைக்காமலே போக வாய்ப்பு உண்டு. ஒரு கப்பலின் உட்புறம் எப்படி இருக்கும் என்பது சினிமாவில் பார்க்கிற விஷயமாகிவிட்டது.

காஞ்சியின் சரக்கு மட்டும் கடலை விட்டு விலகவில்லை. சொல்லப்போனால் முன்னெப்போதையும்விட அதிகமாகப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டம் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் மற்ற ஆலைகள் வந்தன. சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் கார் ஏற்றும் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஜன்னலே இல்லாத பத்து மாடிக் கட்டடம் தண்ணீரில் நிற்பது போன்ற உருவம். பக்கவாட்டில் ஒரு சாய்தளம் இறங்கும். கார்களை ஓட்டுநர்கள் ஒவ்வொன்றாக உள்ளே ஓட்டிப் போய் இடைவெளியே இல்லாமல் நிறுத்திவிட்டு வேனில் திரும்புவார்கள். ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே கப்பலில் போகின்றன. எங்கள் தெருவிலிருந்து அந்த ஆலைக்கு வேலைக்குப் போகும் பையன்கள் நிறைய. தறியில் உட்கார மாட்டேன் என்று போனவர்கள். நீ முடுக்கின கார் எந்தக் கப்பலில் போகுது தெரியுமா என்று ஒருவனிடம் கேட்டேன். தெரியாது அங்கிள் என்றான். சொல்லித்தர ஆசையாக இருந்தது. ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

பட்டு நூலும் அப்படித்தான். காஞ்சித் தறிகளுக்குக் கர்நாடகத்திலிருந்து பட்டும் சூரத்திலிருந்து ஜரிகையும் வருகின்றன. கூடவே சீனக் கச்சாப் பட்டையும் நம் நாடு பல ஆண்டுகளாக இறக்குமதி செய்துவருகிறது. ஹான் காலத்துத் தூதர்கள் ஏற்றிவந்த அதே சரக்கு. அதன் வரத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் ஊரில் பேசிக்கொள்வதெல்லாம் விலையில் முடிகிறது; அது என்ன கப்பலில், எந்த வழியாக வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உத்தண்டியில் 2008 முதல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இயங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் கல்லூரிகளும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு நெசவாளியின் மகன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அதிகாரி. சூயஸ் கால்வாயிலிருந்து வீடியோவில் பேசுவான். அவன் அம்மா, தறிக்குழியில் இருந்தபடியே, சாப்பிட்டியாடா என்று கேட்பாள். அவனிடம் நான் பினாங்கைப் பற்றிக் கேட்டேன். “பினாங்கா மாமா? போயிருக்கேன். ராத்திரி உள்ள போனோம், காலையில வெளிய வந்துட்டோம். இறங்கல” என்றான். கொள்கலன் வந்தபிறகு கப்பல்கள் துறையில் நிற்பதே சில மணி நேரம்தான். பெரியப்பா காலத்து மாலுமிக்கு வாரக்கணக்கில் ஊர் கிடைத்தது. இவனுக்குச் சம்பளம் கிடைக்கிறது, உலகமெல்லாம் போகிறான், ஊர்களைப் பார்க்கவில்லை. அவன் சோர்வாகச் சொன்னதை நான் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

கப்பல் பார்க்கிற வழியும் மாறிவிட்டது. எந்தக் கப்பல் வருகிறது என்று தெரிய, ஆங்கில நாளிதழில் சின்ன எழுத்தில் வரும் துறைமுகச் செய்தியைத் தேடிப் படித்திருக்கிறேன். இப்போது கைபேசியில் ஒரு செயலி போதும். கப்பல்கள் தானாக அனுப்பும் அடையாளச் சமிக்ஞையை வைத்து, பேர், கொடி, வேகம், போகும் துறை எல்லாம் காட்டுகிறது. பிள்ளையார்பாளையத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு மலாக்கா நீரிணையில் நகரும் கப்பல்களைப் பார்க்கலாம். நான் பார்க்கிறேன், தினமும். மாமல்லபுரத்துக்குப் போனால் கலங்கரை விளக்கத்தில் ஏறுவேன். பக்கத்துப் பாறை உச்சியில் பல்லவர் கட்டிய உலக்கணேசுவரர் கோயில் இருக்கிறது. இன்றைய கோபுரம் எழும்புவதற்கு முன் அந்தக் கோயிலின் மேலேதான் ஆங்கிலேயர் விளக்கேற்றினார்கள். மேலே நின்று கையில் செயலியை வைத்துக்கொண்டு, தொடுவானத்தில் புள்ளியாகத் தெரிவது எந்தக் கப்பல் என்று பார்ப்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை.

ஏற முடிகிற கப்பல்கள் எவை? 2022 ஜூனில் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 1990இல் கட்டியது, முன்பு அமெரிக்கக் கரைகளில் ஓடியது. அதில் நீச்சல்குளமும் நாடக அரங்கும் உண்டு. நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு விடுதி. கடலைச் சுற்றிக் காட்டிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுகிற பயணத்தில், போய்ச் சேருவது என்ற ஒன்று இல்லை. அங்கே யாருக்கும் பெட்டி நிறையப் புடவை இல்லை. பிழைக்கப் போகும் பதற்றமும் இல்லை.

அந்தமான் கப்பல் அப்படியல்ல. நான்கௌரி, நிக்கோபார் என்று பேர் கொண்ட அரசுக் கப்பல்கள் சென்னைக்கும், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரை மூன்று நாளில் கடக்கின்றன. கீழ்த்தளத்தில் பங்க் வகுப்பு, மேலே அறைகள். பங்க் வகுப்பில் நான் போயிருக்கிறேன். வரிசையாக இரும்புக் கட்டில்கள், கழிவறை மோசம், சாப்பாடு சுமார். தீவில் கடை வைத்திருக்கும் சிவகங்கைக்காரர், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து குழந்தையோடு திரும்பும் பெண், கொத்தனார் கூட்டம், ராஞ்சியிலிருந்து குடியேறிய குடும்பங்கள். இரண்டாம் நாள் காலையில் பறக்கும் மீன்களைப் பார்க்க எல்லோரும் கம்பியோரம் வந்துவிட்டார்கள். அந்தக் கொத்தனார்கள் தங்கள் செல்போனில் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெரியப்பா சொன்ன டெக் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அரசு நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு நடத்துவதால் இருக்கிறது. தீவு மக்களுக்கு அது உரிமை என்று ஏற்றுக்கொண்டதால் இருக்கிறது.

இதை வைத்துத்தான் நான் பிடிவாதமாக ஒன்று கேட்கிறேன். பினாங்குக்கு மறுபடி கப்பல் விட்டால் ஆள் ஏறாது என்கிறார்கள். விமானத்தோடு போட்டி போட முடியாது, எண்ணெய்ச் செலவு கட்டாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் சாலைக்கும் ரயிலுக்கும் லாபம் மட்டும் பார்க்கிறோமா? பல நூறு ஆண்டு நம் மக்கள் போய்வந்த வழி அது. ஒரு தறிக்காரனும் கொத்தனாரும் வாங்கக்கூடிய டிக்கெட்டில், மாதம் ஒரு முறையாவது ஒரு கப்பல் அந்தக் கடலைக் கடக்க வேண்டும். பணக்காரனுக்குக் கடல் எப்போதும் திறந்தே இருக்கிறது. மூடியது மற்றவர்களுக்குத்தான்.

நாகப்பட்டினத்தில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற விரைவுப் படகு புறப்பட்டது. பல ஆண்டுக்குப் பின் மறுபடி இலங்கைக்குப் பயணிகள் படகு. சில நாளிலேயே பருவமழையால் நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். வங்கக் கடல் மழைக்காலத்தில் சும்மா விடாது. அடிக்கடி நிறுத்துகிறார்கள், மறுபடி ஓட்டுகிறார்கள். அது ஓடுகிறதா என்று பார்ப்பதும் என் தினசரி வேலைகளில் ஒன்று.

அண்மையில் காந்தி ரோட்டில் ஒரு கடையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றைச் சந்தித்தேன். கல்யாணக் கூறை எடுக்க வந்தவர்கள். யாழ்ப்பாணத்துத் திருமணத்தில் தாலி கட்டும்போது மணமகள் உடுத்தும் கூறைச்சேலைக்கு இங்கே வந்து போவது அவர்களிடம் பழைய வழக்கம். எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். கப்பலில்தான், நாகபட்டினம் வந்து அங்கிருந்து வான் பிடித்து என்றார் அந்த அம்மா. எனக்குக் கால் நிற்கவில்லை. கடல் எப்படி இருந்தது என்றேன்.

“கொஞ்சம் ஆடினதுதான் அண்ணை. எனக்கு ஏலாமப் போச்சுது. பிள்ளையள் ஒண்டும் பயப்பிடேல்ல.”

திரும்பும்போதும் கப்பல்தானாம். கூறையைப் பெட்டிக்குள் எப்படி வைக்க வேண்டும் என்று சொன்னேன்: பருத்தித் துணியில் சுற்றி, மேலே பாலிதீன் போட்டு, காற்றுப் புகாமல் மூட வேண்டும், மேல்தளத்தில் ஆசைக்குக்கூடப் பிரித்துக் காட்டக்கூடாது, ஜரிகை கறுத்துவிடும் என்று. கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையன், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். பெரியப்பாவின் பெட்டியையும் ராஜுலாவையும் சொன்னேன். சிங்கப்பூர் போக எத்தனை மணித்தியாலம் என்றான். ஏழெட்டு நாள் என்றேன்.

“ஏழெட்டு நாளும் கடலிலையோ?” என்று கேட்டு, அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “குடுத்துவைச்சவர், என்னம்மா?”